கடல் வாங்க மறுத்த துணி

“...தோணியாவது கப்பலாவதுங்க மாத்தயா! இம்புட்டுத் தண்ணிய இன்னைக்குத்தான் மொதமொதலா கண்ணால பாக்குறேன். காலையிலதான் லொறியில வந்து எறங்குனோம். நான் பொறந்ததும் லயத்துல, வளந்ததும் லயத்துல. நீங்க வேணும்னா...”

அந்த இடத்தில் என் சித்தி பேச்சை நிறுத்தினாள்.

எதிரே அந்த மாத்தயா: காக்கி உடுப்பில் ஒரு சார்ஜன். அவருக்குப் பின்னால் ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தபடி ஒரு சிப்பாய். அந்த ஜீப்பில் சித்தியை ஏற்றிவிட்டால் அடுத்து ஏற்றப்போவது இந்தியாவுக்குப் போகிற கப்பலில்தான் என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அது தெரியாத பிள்ளை கிடையாது.

நிறுத்தியவள் அடுத்து என்ன செய்தாள் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் வாய் உங்களுக்குத் தெரியுமே. வட்டகொடைக்குப் போகச் சொன்னால் பொகவந்தலாவையைச் சுற்றிக்கொண்டு போகிற வாய். என் வயதுக்காரர்கள்தானே நீங்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மடு மாதா கோயில் திருவிழாவுக்குத் தோட்டத்திலிருந்து லொறி கட்டிக்கொண்டு போன காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டில் சூடம் கொளுத்துகிற சாமிதான். ஆனால் தம்பிக்குக் காய்ச்சல் கண்டு, டிஸ்பென்சர் ஐயாவின் மருந்துக்கும் இறங்காமல் கிடந்தபோது அம்மா மடு மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். டிஸ்பென்சர் வீட்டார் வேதக்காரர்கள். அந்த வீட்டு அம்மாதான் யோசனை சொன்னது. “எந்த அம்மாவா இருந்தா என்னங்க, புள்ள பொழச்சாச் சரி” என்றாள் என் அம்மா. தம்பி பிழைத்தான். அந்த வருஷத் திருவிழாவுக்கு நாங்களும் லொறி ஏறினோம்.

லொறி என்றால் தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லொறிதான். மேலே படங்கு, கீழே வைக்கோல், நடுவில் நாங்கள். வளைவுக்கு வளைவு யாராவது ஒருவர் வாந்தி எடுப்பார்கள். பெண்கள் திட்டுவார்கள். லொறிக்கார அண்ணன் தலையை வெளியே நீட்டிச் சொல்வார்: “ரோடு வளையுது, நான் வளையுறேன். வைறதா இருந்தா ரோட்டப் போட்ட தொரைய வைங்க!” இன்றைக்கும் பஸ்ஸில் எனக்குக் குமட்டல் வந்தால் அந்த அண்ணனின் குரல்தான் கேட்கிறது. பாதிக் குமட்டல் சிரிப்பில் போய்விடும்.

திருவிழா முடிந்த மறுநாள், சரக்கில்லாமல் எங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு மலையேற லொறிக்கார அண்ணனுக்கு மனம் வரவில்லை. மன்னாருக்குத் தெற்கே கடற்கரைக் கிராமம் ஒன்றில் கருவாடு ஏற்றிக்கொண்டு வரப் புறப்பட்டார். அதைக் கேட்டதும் பிள்ளைகள் மூன்று பேரும் அவர் காலைச் சுற்றிக்கொண்டோம்: நான், கங்காணி மகள், டிஸ்பென்சர் மகன். மூவருக்கும் பத்து, பன்னிரண்டு வயதிருக்கும். கடலைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. எங்களுக்குத் துணையாகச் சித்தி கிளம்பினாள். துணை என்பது பேருக்குத்தான். எங்களைவிட அவளுக்குத்தான் ஆசை அதிகம்.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. கல்யாணமாகவில்லை, லயத்தில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவிலேதான் இருந்தாள். பேச்சில் அவளை மடக்க ஆள் இல்லை. மழை நாளில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை ஈரத்துக்கு என்று எடையைக் கழிப்பாரல்லவா, ஒருநாள் அவரிடம் கேட்டாளாம்: “கொழுந்து நனைஞ்சதுக்குக் கழிக்கிறீங்க, சரிங்கையா. நான் நனைஞ்சதுக்கு எம்புட்டுங்க சேப்பீங்க?” நிறுவைக்கு நின்ற பெண்கள் கூட்டமே கூடையோடு குலுங்கிச் சிரித்ததாம். என்ன வந்தாலும் வாயால் சமாளித்துவிடலாம் என்று இருந்தவள் அவள்.

புறப்படும்போது அப்பா எங்களை மரத்தடிக்குக் கூப்பிட்டார். லிந்துலைப் பக்கத்துக்காரர் ஒருவரை, பஸ்ஸில் போகும்போது பொலிஸ் இறக்கி, இந்தியாவிலிருந்து களவாக வந்த கள்ளத்தோணி என்று கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். பெண்சாதி பிள்ளைகள் கண்டுபிடிப்பதற்குள் படாத பாடு பட்டார்கள். அந்தச் சேதி கேட்டதிலிருந்து அப்பா தோட்டத்து எல்லை தாண்டினாலே வியர்த்துப்போவார். பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டுவிட்டுப் பதில் வராமல் நாமெல்லாம் உட்கார்ந்திருந்த காலம் அது.

“இங்க பாரு பிள்ள,” என்றார் சித்தியிடம். “அந்தக் கரையிலதான் தோணி வந்து எறங்குதாம். காக்கிச் சட்டை எந்நேரமும் சுத்துமாம். யாராச்சும் கேட்டா, தோட்டம் கீட்டம்னு சொல்லிக்கிட்டு நிக்காதீங்க. மன்னாருன்னு சொல்லிப்புடுங்க. உள்ளூர் ஆளுன்னா ஒருத்தனும் ஒண்ணுங் கேக்க மாட்டான்.”

“பொய் சொல்லவா மாமா?”

“பொய்யின்னு யாரு சொன்னா? இன்னைக்கு நீ எங்க இருக்க? மன்னார்ச் சீமையிலதான இருக்க!”

அம்மா தன் பங்குக்கு ஒன்று சொல்லியனுப்பினாள். முதல்முதலாகச் சமுத்திரத்தில் குளிக்கிறவர்கள் உடுத்தின பழந்துணியைத் தண்ணீரோடு விட்டுவிட வேண்டும். பிடித்த பீடையெல்லாம் அதோடு போய்விடும். அதற்கென்றே கிழிசலாகப் பார்த்து உடுத்திவிட்டு, மாற்றுத்துணியை ஆளுக்கொரு துண்டோடு மூட்டையாகக் கட்டிக் கொடுத்தாள்.

இரண்டு பேரும் எங்கள் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். அதை எப்போதும் மறக்காமல்தான் நான் இதைச் சொல்லுகிறேன்.

கிராமத்துக்கு அப்பால் கரையோரமாக எங்களை இறக்கிவிட்டு, “பொழுது சாயுறதுக்குள்ள இதே எடத்துக்கு வந்துருவேன். கருவாட்டு நாத்தம் முன்னால வரும், லொறி பின்னால வரும், அத வச்சுக் கண்டுபிடிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு லொறிக்கார அண்ணன் போய்விட்டார்.

கடலைப் பார்த்ததும் எனக்கு முதலில் காதுதான் அடைத்தது. மலையில் காற்று வரும், போகும்; இங்கே அது நிற்கவே இல்லை. கங்காணி மகள் கண்ணைச் சுருக்கித் தூரத்து நீலக்கோட்டைப் பார்த்துக் கேட்டாள்:

“அந்த மலைக்கு அங்கிட்டு எந்தத் தோட்டம்?”

“அது மலையில்லடி, தண்ணி” என்றான் டிஸ்பென்சர் மகன். தலவாக்கலையில் படிக்கிற பையன், எல்லாம் தெரிந்தவன்.

“தண்ணி எப்படிடா ஒசரமா நிக்கும்?”

சித்தி, “அங்கிட்டுத்தான்டி எங்க தாத்தன் ஊராம். பேரு கூடத் தெரியாது” என்றாள்.

மேட்டிலும் பள்ளத்திலும் ஓடி வளர்ந்த எங்கள் கால்கள் மணலில் தோற்றுப்போயின. ஓரெட்டு வைத்தால் அரையெட்டு பின்னால் இழுத்தது. ஈர மணலில்தான் நடக்கச் சுகம் என்று கண்டுபிடித்து, அலை வந்து போகிற விளிம்பிலேயே தெற்கு நோக்கி நடந்தோம். வழியில் பழைய சிப்பி ஓடுகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. முத்துக் குளித்த காலத்துக் கழிவு என்று பின்னாளில் அறிந்தேன். கங்காணி மகள் ஒவ்வொரு ஓட்டையும் பிரித்துப் பார்த்துவிட்டு, “ஒருத்தன் கூட ஒண்ணு மறந்து விட்டுட்டுப் போகலியே!” என்று அங்கலாய்த்தாள். உள்பக்கம் வானவில்லாய் மின்னிய ஒரு ஓட்டை நான் எடுத்துக்கொண்டேன். அந்த ஓடு பிறகு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அன்றைக்கு நடந்ததில் அதை யார் நினைத்தார்கள்.

கரை ஓரிடத்தில் செம்மண் மேடாக உயர்ந்தது. அதன் விளிம்பில் கடலைப் பார்த்தபடி இடிந்த கட்டடம் ஒன்று நின்றது. பெரிய பெரிய தூண்கள், கூரையில்லை. “கடலுக்கும் தொரை பங்களா இருக்குடா!” என்று மூவரும் கத்தினோம். தோட்டத்தில் துரை பங்களாவின் வேலிப்பக்கம் போனாலே தோட்டக்காரன் கல்லெடுப்பான். இங்கே தடுக்க ஆளில்லை.

“மொதல்ல குளிப்பு. அப்புறம் பங்களா” என்றாள் சித்தி.

அலையோரமாகவே மேட்டுக்கு நேர்கீழே போனோம். மூட்டையைக் காய்ந்த மணலில் வைத்துவிட்டுக் கைகோத்துக்கொண்டு தண்ணீரில் நின்றோம். அலை எங்களைத் தூக்கிப் போட்டது. மூக்கிலும் வாயிலும் உப்பு. சித்தி போட்ட கூச்சலில் நாரைகள் பறந்தன. குளித்து முடிந்ததும் மாராப்புக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு, அம்மா சொன்னபடி, அவரவர் பழந்துணியை அவிழ்த்துத் தண்ணீரில் எறிந்தோம். சித்தியின் சேலை, எங்கள் இரண்டு பேர் பாவாடை சட்டை, டிஸ்பென்சர் மகனின் கால்சட்டை. அவன் வேதக்காரன், அவனுக்கு இந்த வழக்கமில்லை. ஆனாலும் தான் மட்டும் பீடையோடு போவானேன் என்று அவனும் எறிந்தான்.

அலை எடுத்துக்கொண்டுபோனது. மேட்டில் ஏறினோம். அந்தத் துரை பங்களாவின் சுவருக்குள் ஒளிந்து உடுத்திக்கொண்டோம். தலை துவட்டி முடித்துத் தூண் இடுக்கால் நான் எட்டிப் பார்க்கிறேன்: எறிந்த துணியத்தனையையும் கடல் கொண்டுவந்து கரையில் கிடத்தியிருந்தது. ஆள் படுத்திருப்பதுபோல் சித்தியின் சேலை நீளமாகக் கிடந்தது.

“சித்தி, கடல் வாங்கலை...” என்று நான் சொல்லி முடிக்கவில்லை, ஜீப் வந்து நின்றது.

காக்கிக்காரர்கள் இறங்கினார்கள். ஒருவன் துப்பாக்கி முனையால் சேலையைத் தூக்கினான். தண்ணீர் சொட்டியது. இன்னொருவர் குனிந்து மணலைப் பார்த்தார். எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. ஈர விளிம்பில் நடந்து வந்த தடமெல்லாம் அலை அழித்துவிட்டது. மிஞ்சியிருந்தது ஒரு தடம்தான்: தண்ணீரிலிருந்து நேராகப் புறப்பட்டு மேட்டில் ஏறுகிற காலடிகள். தோணியிலிருந்து குதித்து, நனைந்த துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, இடிந்த கட்டடத்தில் போய்ப் பதுங்கியவர்களின் தடம் எப்படி இருக்குமோ அப்படியே.

“போய்ச் சொல்லிருவோமா?” என்றாள் சித்தி மெதுவாக. அவள் குரல் இறங்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“வேணாங்க்கா. சத்தங் காட்டாம இருந்தாப் போயிருவாங்க” என்றான் எல்லாம் தெரிந்தவன்.

மூலைச் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். செங்கல் முதுகில் சுட்டது. பூட்ஸ் மேடேறும் சத்தம் காற்றில் வந்தது, அடங்கியது, மறுபடி வந்தது. கங்காணி மகளின் பல் தந்தியடித்தது. சித்தி அவள் வாயைப் பொத்தினாள். நான் சித்தியின் முழங்கையைப் பிடித்திருந்தேன்.

சுவருக்கு மேலே ஒரு தொப்பி தெரிந்தது.

எங்களைக் கீழே ஜீப்பருகே கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்கள். சார்ஜன் நடுத்தர வயதுக்காரர், சிங்களவர், சத்தம் போடாதவர். சத்தம் போட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டோம்.

“ஊர் எங்கே?”

அப்பா சொல்லிக் கொடுத்த பாடத்தைக் கங்காணி மகள் ஒப்பித்துவிட்டாள். “மன்னாருங்க!”

“மன்னார்ல கடல் இருக்குதானே. அப்புறம் ஏன் குளிக்க இங்கே வர்றது?”

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஊரையே, “வட்டகொடைங்க” என்று கத்திவிட்டேன்.

சார்ஜன் சிரித்தார். “ஒரு ஆள் மன்னார். ஒரு ஆள் வட்டகொடை.” சித்தியைப் பார்த்தார். “நீ மண்டபமா, ராமேஸ்வரமா?”

டிஸ்பென்சர் மகன் தன் பள்ளிக்கூடச் சிங்களத்தில் ஏதோ கடகடவென்று சொன்னான். சார்ஜன் அவன் தோளில் தட்டினார். “நல்லாப் பேசுறது. அதுக்குத்தான் ஒன்னைக் கூட்டி வந்தது, என்ன?” அவன் முகம் செத்துப்போயிற்று.

பிறகு சித்தி பேசினாள். மடு, நேர்த்தி, லொறி, கருவாடு, பழந்துணி விடுகிற வழக்கம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அத்தனையும் சத்தியம். சார்ஜன் பொறுமையாகக் கேட்டார்.

“லொறி எங்கே?”

“பொழுது சாயத்தான் வரும்.”

“தோட்டம்னா ஏன் மன்னார் சொன்னது? ஏன் ஒளிஞ்சது?”

சித்தி கங்காணி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எல்லாம் ஆளும் இதுதான் சொல்றது,” என்றார் அவர். “தோணியில வந்து எறங்கினா ஒடனே எஸ்டேட். ஹட்டன், தலவாக்கலை, எல்லாம் பேர் தெரியும். பணம் வாங்குற ஆள் படிச்சுக் குடுத்து அனுப்புறது.” பிள்ளைகளைக் கிராமத்துக் கோயிலில் விடச் சொன்னார். சித்தியை ஜீப்பில் ஏறச் சொன்னார். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன். சிப்பாய் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். முரட்டுத்தனமாக இல்லை, முள்ளில் மாட்டிய துணியை எடுப்பதுபோல.

பொய்யாகச் சொல்லியிருந்தாலாவது வேறு பொய் யோசிக்கலாம். உண்மையைச் சொல்லி, அதையும் பொய்க்காரர்கள் முன்பே சொல்லித் தீர்த்துவிட்டார்கள் என்றால் என்ன செய்வது? இத்தனை வயதுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்போதுதான் சித்தி, “தோணியாவது கப்பலாவதுங்க மாத்தயா” என்று கடைசித் தடவையாகத் தொடங்கினாள்.

அதற்கப்புறம் அவள் செய்ததைக் கடைசியில் சொல்கிறேன்; சார்ஜன் எங்களை விட்டுவிட்டார். லொறி வரும்வரை அந்த ஜீப், எங்களை இறக்கிவிட்ட இடத்தில் எங்களோடேயே நிழலில் நின்றது. சிப்பாய் தன் தண்ணீர்ப் போத்தலை எங்களுக்குக் கொடுத்தான். மடுவுக்குத் திரும்பியதும் அவரவர் கதை தொடங்கியது. தன் சிங்களத்தால்தான் தப்பினோம் என்று டிஸ்பென்சர் மகன் லயம் முழுக்கச் சொன்னான். மாதா இறங்கி வந்ததைத் தான் பார்த்ததாகக் கங்காணி மகள் சொன்னாள். அப்பா சித்தியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்: “என்ன பிள்ள சொல்லித் தப்பிச்ச?”

“ஒண்ணுஞ் சொல்லல மாமா.”

“ஒன் வாயி சும்மா இருந்துச்சா!” என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தன் புத்திமதிதான் அவளை ஜீப் வரைக்கும் கொண்டுபோனது என்று அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் கடைசிவரை, மன்னார் என்று சொன்னதால்தான் விட்டார்கள் என்றே நம்பியிருந்தார்.

பல வருஷம் கழித்து, எங்களை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தம் வந்து, சித்தி புருஷன் பிள்ளைகளோடு தலைமன்னாரில் கப்பல் ஏறினாள். பேர் தெரியாத அந்தத் தாத்தன் ஊருக்கு. அப்போது அவளை யாரும் எதையும் கேட்கவில்லை.

அன்றைக்குக் கேட்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். இனி அதைச் சொல்லிவிடுகிறேன்.

கொழுந்துக் கூடையின் கயிற்றை நம் பெண்கள் எங்கே மாட்டுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைக்குக் கொங்காணிச் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் கயிறு. கூடை நிறைய நிறைய அத்தனை பாரமும் உச்சியில் தொங்கும். சின்ன வயதிலேயே மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய் வருஷக்கணக்காகச் சுமந்தவர்களுக்குக் கயிறு கிடந்த இடத்தில் முடி முளைக்காது. மண்டையே லேசாகக் குழிந்துவிடும். ஒருவரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். சுற்றி இருக்கிற முடியை இழுத்து மூடிக் கொண்டை போட்டுக்கொள்வார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் இன்னும் எண்ணெய் வைத்து, இன்னும் இறுக்கி. ஒரே பாயில் சித்தியோடு படுத்த நான்கூட அதை அதுவரை பார்த்ததில்லை.

“நீங்க வேணும்னா...” என்றவள் நிறுத்தினாள். கையை உயர்த்திக் கொண்டை ஊசிகளை உருவிப் பல்லில் கடித்துக்கொண்டாள். ஈர முடி அவிழ்ந்து காற்றில் அவள் முகத்தில் அடித்தது. சார்ஜனுக்கு அருகே போனாள். அவர் நெஞ்சுக்கு நேரே தலையைக் குனிந்தாள். பேன் பார்க்க வகிர்வதுபோல் இரண்டு கையாலும் முடியை ஒதுக்கி, கயிறு தின்ற அந்த வழுக்கைத் தடத்தை வெயிலில் காட்டிக்கொண்டு, அவர் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் நின்றாள்.